சிங்கராஜாவா, மன்னாரா, பெல்லன்விலச் சதுப்பா? இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவருக்கு ஏற்ற களக்கற்கை எது

போன மாதம் ஓர் இரவு ஒன்பது மணிபோல தொலைபேசி அடித்தது. முன்பு நான் வேலை செய்த துறையில் எனக்குப் பின்னால் உதவி விரிவுரையாளராக வந்த தங்கச்சி ஒருத்தி. இப்போது கொழும்பிலேயே வேறோர் இடத்தில் நிரந்தரமாகிவிட்டாள். இரண்டாம் ஆண்டு உயிரியல் மாணவர் நாற்பத்திரண்டு பேர், களக்கற்கை ஒன்று, கையிலிருக்கும் பணம் ஒரேயொரு ஏற்பாட்டுக்குத்தான் காணும். "அக்கா, எங்கட துறையில நாலு யோசனை வந்திருக்கு. ஆளாளுக்கு ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். நீங்கள் இவ்வளவு காலம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனீங்கள், சொல்லுங்கோ" என்றாள்.

சிங்கராஜாவில் ஆறு நாள் தங்கிப் படிப்பது முதலாவது. மன்னாரில் மூன்று நாள் இரண்டாவது. கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்புகளுக்கு எட்டுச் சனிக்கிழமை போய்வருவது மூன்றாவது. எங்கும் போகாமல் கணினியிலேயே தரவுகளை வைத்துப் பயிற்சி கொடுப்பது நான்காவது. அன்றிரவு நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஆறுதலாக இருந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

யாருக்காகப் போகிறோம்

இடத்தைப் பற்றிப் பேசமுன் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பல்கலைக்கழகங்களில் உயிரியல் விஞ்ஞானம் படிக்க வருகிறவர்களில் பலர் மருத்துவபீடத்துக்கு ஆசைப்பட்டு, வெட்டுப்புள்ளி எட்டாமல் வந்தவர்கள். முதலாம் ஆண்டு விரிவுரையில் இருந்துகொண்டே இன்னொரு தடவை உயர்தரம் எழுதுவதா என்று மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். வீட்டில் சொந்தக்காரர் வந்து "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால் பதில் தாழ்ந்த குரலில் வரும். அதற்குமேல் மொழி வேறு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன், புத்தளம் என்று எங்கிருந்தோ தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளை, இழையுருப்பிரிவையும் ஒளித்தொகுப்பையும் கரைத்துக் குடித்திருக்கும். அதே பாடம் ஆங்கிலத்தில் வரும்போது வாயடைத்துப்போய் இருக்கும். கேள்வி இருக்கும், கேட்காது. வாய் திறந்தால் பிழை வந்துவிடும் என்ற பயம்.

களத்தில் அந்தப் பயம் தளரும். சேற்றில் பதிந்த ஒரு கால்தடத்தைச் சுட்டிக்காட்டி "இது என்னது?" என்று கேட்பதற்கு ஒருவரும் இலக்கணம் பார்ப்பதில்லை. பேராசிரியரும் பிள்ளையும் குனிந்து ஒரே தடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்து மாணவர்களைப் பற்றி 2020 இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. சூழலியலும் கூர்ப்பும் படித்தவர்களில் களக்கற்கைக்குப் போனவர்கள் தம் திறமையில் கூடுதல் நம்பிக்கை கொண்டிருந்தார்கள், அந்தப் பாடத்திலேயே நிலைத்தார்கள், பட்டத்தை முடித்த விகிதமும் அவர்களிடையே கூட. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்கள், வசதி குறைந்தவர்கள், சிறுபான்மையினர் ஆகியோரைப் பொறுத்தவரை, களக்கற்கை மற்றவர்களோடு இருந்த இடைவெளியைக் குறைத்தது என்பதுதான் அதன் முக்கியமான செய்தி. இதை நான் கொஞ்சம் கவனத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். தாமாக விரும்பிப் போனவர்களை மற்றவர்களோடு ஒப்பிடும்போது, விருப்பம் எவ்வளவு செய்தது, பயணம் எவ்வளவு செய்தது என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனாலும் பத்து வருடம் கண்ணால் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. ஒதுங்கி இருந்த பிள்ளைக்குத்தான் களம் அதிகம் செய்கிறது.

அப்படியென்றால் நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். ஒதுங்கி இருக்கும் பிள்ளை இந்தப் பயணத்துக்கு வந்து சேருமா? வந்தால் பயணம் அதற்கு என்ன கொடுக்கும்?

சிங்கராஜா

இதற்குப் போட்டியாக ஓர் இடத்தை இந்த நாட்டில் சொல்வது கடினம். 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும் 1988 இல் உலக மரபுரிமையாகவும் அறிவிக்கப்பட்ட தாழ்நில மழைக்காடு. எங்களுக்கு அதைவிடப் பெரிய பேறு, அங்கே நடந்திருக்கும் ஆய்வு. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சரத் கொட்டகம 1981 தொடக்கம் அங்குள்ள கலப்புப் பறவைக் கூட்டங்களைப் பதிந்துவந்தார். வெவ்வேறு இனப் பறவைகள், ஒரு கூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள்கூட, சேர்ந்தே இரை தேடித் திரிகின்றன. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் நடுவில் சளசளவென்று நகர, கொண்டைக் கரிச்சான் மேலிருந்து காவல் செய்கிறது. அந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலக் கத்தியே கூட்டத்தைத் திரட்டுகிறது என்பதையும் அங்கேதான் ஆராய்ந்து காட்டினார்கள். பேராதனையைச் சேர்ந்த நிமல், சாவித்திரி குணதிலக்க ஆகியோர் 1993 இல் 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்கள். பாடப்புத்தகத்தில் வெளிநாட்டு உதாரணங்களையே படித்த பிள்ளைக்கு, இது எங்கள் ஆட்கள் எங்கள் காட்டில் செய்த வேலை என்று காட்டலாம்.

தங்கிப் படிப்பதன் பலன் வேறு வகை. இரவு எட்டு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டின் வாசல்களில் ஒன்றான குடவ பக்கத்துப் பாதையில் நடந்தால் புதர்த்தவளைகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் கத்தும். இவற்றில் பல இனங்களுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாக வெளியே வரும். "தவளையின் வாழ்க்கை வட்டம்" என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து வரைந்த படம் அந்த இடத்தில் உடைகிறது. ஒரு தடவை, இரண்டு வருடம் வகுப்பில் வாயே திறக்காத பெடியன் ஒருவன், தோட்டப்புறத்திலிருந்து வந்தவன், என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னான்: "மிஸ், எங்க லயத்துக்குப் பின்னால மழை பேஞ்சா இதே மாதிரிதான் கத்தும். ஆனா அது இதைவிடக் கொஞ்சம் மெல்லிசா இருக்கும்." குரல் வேறுபாட்டை அவன் காது பிடித்திருந்தது. வேறு இனமாக இருக்கலாம் என்பதை அவனாகவே எட்டிவிட்டான். அன்று இரவு அவனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்களப் பிள்ளைகளும் இருந்தார்கள். சமையலறையில் தேங்காய் துருவுவது, அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் ஓடும்போது ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது, ஒரே பாயில் படுப்பது எல்லாம் சேர்ந்து ஆறு நாளில் உண்டாக்கும் நெருக்கம் விரிவுரை மண்டபத்தில் மூன்று வருடம் இருந்தாலும் வராது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இதை நான் ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை?

வராத பிள்ளைகளால்தான். ஆறு இரவு வெளியே தங்குவதற்கு எத்தனை வீடுகள் சம்மதிக்கும்? "மிஸ், அம்மா விடமாட்டா" என்ற வசனத்தை ஒவ்வொரு வருடமும் கேட்டிருக்கிறேன். கேட்டது பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடம், எங்கள் தமிழ், முஸ்லிம் வீடுகளின் பிள்ளைகளிடம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் டியூஷன் கொடுத்து அறை வாடகை கட்டும் பிள்ளை ஆறு நாள் நின்றால் அந்த மாதம் திண்டாடும். மாதவிடாய் நாட்களில் கழிப்பறை எப்படி, ஹலால் சாப்பாடு உண்டா, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டே வராமல் விட்டவர்களும் உண்டு.

ஒரு வருடம் அப்படி வராமல் நின்ற மாணவி ஒருத்திக்கு நாங்கள் மாற்று ஒப்படை கொடுத்தோம். நூலகத்திலிருந்து சிங்கராஜாவின் உயிர்ப்பல்வகைமை பற்றிப் பதினைந்து பக்கம். நன்றாகவே எழுதினாள், புள்ளியும் கூடக் கிடைத்தது. அடுத்த வருடம் களவேலை இல்லாத சிறப்புப் பாடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முதலாம் ஆண்டில் தும்பிகளைப் பற்றி என்னிடம் வந்து வந்து கேட்ட பிள்ளை அவள். அவள் விரும்பித்தான் போனாளா, நாங்கள் கதவைச் சாத்திவிட்டோமா என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்த ஒப்படைத் தாளில் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

செலவும் ஆபத்தும் தனிக் கதை. இரத்தினபுரிப் பக்கம் தென்மேல் பருவமழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தை நிறுத்த வேண்டும். வனத் திணைக்கள அனுமதி, வழிகாட்டி, கடைசிக் கிலோமீற்றர்களுக்கு ஜீப் என்று கணக்கு ஏறும். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும் சிறிய விரியன் ஈரவலயத்தில் அதிகம் கடிப்பது. இங்கே பாவிக்கும் இந்தியப் பாம்புநஞ்சு எதிர்மருந்து அதற்குப் பலன் தராது. கடி வாங்கினால் சிறுநீரகத்தைக் கவனிக்கக்கூடிய வைத்தியசாலைக்கு விரைவாகக் கொண்டுபோக ஒரு வாகனம் எந்நேரமும் ஆயத்தமாக நிற்க வேண்டும். இது பயமுறுத்தவல்ல, வரவுசெலவில் எழுதி வைக்க.

மன்னார்

இந்த யோசனையைக் கேட்டதும் மனம் துள்ளியது. கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னாருக்கு ரெயில் 2015 இல் மறுபடி ஓடத் தொடங்கியது. பஸ் பிடிக்கும் காசு மிஞ்சும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் 2010 இல் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்தில் தை, மாசியில் நின்றால் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனைகளில் ஒன்று இது. உவர்நீர்க் கரை மரங்களான கண்டலும் கண்ணாவும் தில்லையும் அருகருகே நிற்கும், உப்பின் அளவு மாறமாற மரமும் மாறுவதை நடந்தே காணலாம். தில்லைப் பால் கண்ணில் பட்டால் எரியும், அதனால் பிள்ளைகள் கிளையை முறிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்ல வேண்டும். பெருக்க மரத்தைக் காட்டி, ஆபிரிக்க மரம் இந்தக் கரைக்கு எப்படி வந்தது என்று கேட்டு ஒரு மாலைப்பொழுதையே ஓட்டிவிடலாம். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 100 மெகாவாற் காற்றாலைப் பண்ணை, பறவைகள் பறக்கும் அதே தீவில் நிற்கிறது. புதுப்பிக்கத்தக்க சக்தியும் வேண்டும், வலசைப் பறவையும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இரவிரவாக வாதாடுவார்கள்.

நான் பெரிதாக மதிக்கும் இன்னொரு காரணம் மொழி. சிங்கராஜாவில் வழிகாட்டிகள் சிங்களத்தில் பேசுவார்கள், எங்கள் பிள்ளைகள் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கேட்டு நடப்பார்கள். மன்னாரில் அது தலைகீழாகும். கடற்றொழிலாளி ஒருவர் எந்த மாதம் எந்த மீன் வரும் என்று சொல்லத் தொடங்கினால், மொழிபெயர்த்துச் சொல்வது தமிழ்ப் பிள்ளையின் வேலை. வழக்கமாகப் பின்வரிசையில் இருப்பவள் அன்று முன்னுக்கு நிற்பாள். இதைச் சின்ன விஷயமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் மூன்று நாளில் ஒரு நாள் பயணத்திலேயே போகும். மிஞ்சும் இரண்டு நாளில் பார்ப்பதற்குத்தான் நேரம், ஒரு கேள்வியை எழுப்பி, அளந்து, பிழைத்து, மறுபடி அளக்க நேரமில்லை. இரவு தங்கும் சிக்கல் இங்கும் அப்படியே. அதனால் இதை மூன்றாம் ஆண்டுக்கு ஒதுக்குவேன். களத்தில் எப்படி நடப்பது என்று தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இரண்டு நாள் போதும்.

சதுப்பு

பெல்லன்வில, அத்திட்டிய என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் வாடும். ஒருத்தி நேரடியாகவே கேட்டாள்: "மிஸ், இந்தக் குப்பைத் தண்ணியைப் பாக்கவோ நாங்கள் பயோ படிக்க வந்தனாங்கள்?" நியாயமான கேள்வி. பறக்கும் பொலித்தீன் பைகளும் வாய்க்கால் நாற்றமும் அங்கே உண்டுதான்.

அந்தச் சதுப்பு 1990 இல் சரணாலயமாக்கப்பட்டது, 372 ஹெக்டேயர். கொழும்புப் பெருநகரில் மொத்தம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் மிஞ்சியிருக்கிறது. 2010 நவம்பரில் பெருமழைக்குப் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றபோதுதான், இந்தச் சதுப்புகளை நிரப்பிக்கொண்டே போனால் நகரம் மூழ்கும் என்பது எல்லோருக்கும் உறைத்தது. 2018 இல் ராம்சார் உடன்படிக்கை முதன்முதலாக ஈரநில நகரங்களை அங்கீகரித்தபோது கொழும்பும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. எங்கள் பிள்ளைகள் பலர் தங்கும் அறைகளிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் வாழ்கின்றன.

மீன்பிடிப் பூனையைப் பிள்ளைகள் பார்க்கப்போவதில்லை. நான் எட்டு வருடத்தில் ஒரு தடவை, அதுவும் விடியப்புறத்தில், வால் மட்டும் கண்டேன். அவர்களுக்குக் கிடைப்பது தடம், எச்சம், கமராப் பொறியில் விழுந்த மங்கலான படம். இல்லாத விலங்கை அது விட்டுச்சென்றதிலிருந்து ஊகிக்கும் பயிற்சி உயிரியலின் பாதி. சிங்கராஜாவில் காட்சி கண்ணை நிறைத்துவிடும். இங்கே குனிந்து தேட வேண்டும்.

சல்வீனியாவின் கதையையும் நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பிரேசிலைச் சேர்ந்த இந்த மிதக்கும் பன்னம், 1939 இல் கொழும்பில் அப்போதிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறையின் வழியாக நாட்டுக்குள் வந்தது. படிப்பிக்கக் கொண்டுவந்த செடி வெளியே தப்பி, வயலையும் குளத்தையும் மூடியது. 1986 இல் அதையே தின்னும் சிறிய கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள், பல இடங்களில் சல்வீனியா அடங்கியது. ஆக்கிரமிப்பு இனம், உயிரியல் கட்டுப்பாடு, விஞ்ஞானியின் பொறுப்பு மூன்றையும் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு படிப்பிக்கலாம். சல்வீனியா இலையைப் பிரித்து வண்டு தின்ற அடையாளத்தைத் தேடச் சொன்னால் நாற்பது தலையும் வாளிக்குள்தான் இருக்கும்.

ஆனால் சதுப்பின் உண்மையான பலம் அது பக்கத்தில் இருப்பது. பக்கத்தில் இருந்தால் திரும்பிப் போகலாம். ஓர் அணி முதல் வாரத்தில் நத்தைகுத்தி நாரைகள் நிற்பதையும், வரம்போரம் நத்தை ஓடுகள் குவிந்து கிடப்பதையும் கண்டது. இரண்டாம் வாரம் ஓடுகளை எண்ணினார்கள். ஒரு கரையில்தான் குவியல், மறுகரையில் அனேகமாக இல்லை. அந்தப் பக்கம் நத்தையே இல்லை என்று முடிவுகட்டி எழுதித் தந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வாரம் வலையைப் போட்டுப் பார்த்தால் மறுகரையில் நத்தை தாராளம். ஆளாளுக்குக் கோபம், ஒரு பிள்ளைக்கு அழுகையே வந்துவிட்டது. நான்காம் வாரம் ஆழத்தை அளந்தார்கள். மறுகரைப் பக்கம் வாய்க்கால் தோண்டப்பட்டு ஆழமாக இருந்தது, நாரையால் நின்று தேட முடியாது. ஐந்தாம் வாரம் நாரைகளின் நேரத்தைக் குறித்து அதைச் சரிபார்த்தார்கள். பிழையான முடிவை எழுதி, தாங்களே அதைக் கிழித்துப் போட்டு, புதிதாக எழுதியதுதான் அந்த ஐந்து வாரத்தில் நடந்தது. ஆறு நாள் பயணத்தில் இதற்கு இடமில்லை. ஆறாம் நாள் பஸ் புறப்பட்டுவிடும்.

அந்த அணியில் ஆழத்தை அளக்கலாம் என்று முதலில் சொன்னவள் மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளை. ஆங்கிலத்தில் சொல்ல வராமல், கையை இடுப்பளவுக்கும் கழுத்தளவுக்கும் வைத்துக் காட்டினாள். எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் முதலாவது. சதுப்புநீரில் காலில் புண்ணோடு இறங்கக்கூடாது, முழங்கால்வரை பூட்ஸ் கட்டாயம், பல்கலைக்கழக மருத்துவரிடம் தடுப்பு மருந்து பற்றி முன்கூட்டியே கேட்க வேண்டும். போய்வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் சதுப்புக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லும்படி ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். நுளம்பு இரண்டாவது. முதலை நடமாடும் இடங்களும் உண்டு, நீர்விளிம்பில் தனியே குந்தி இருக்க விடாதீர்கள். இவற்றைவிட எனக்குக் கவலையானது, அந்த இரவுநேர நெருக்கம் இங்கே கிடைக்காது. மாலை ஐந்து மணிக்கு ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள்.

சனிக்கிழமை என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. டியூஷன் கொடுக்கும் பிள்ளையை ஆறு நாள் பயணம் தடுப்பதுபோலவே எட்டுச் சனிக்கிழமையும் தடுக்கும். ஒரேயடியாக ஆறு நாள் இழப்பதைவிட எட்டு வாரம் தவணை முறையில் இழப்பது சில வேளை கூடுதலாகவே வலிக்கும். இதற்கு வழி, வார நாளில் ஏற்கெனவே இருக்கும் செய்முறை வகுப்பு நேரத்தைப் பிடிப்பது. பகல் ஒரு மணிக்கு வளாகத்திலிருந்து வான் புறப்பட்டால் இரண்டு மணிக்குள் சதுப்பில் நிற்கலாம். நாற்பத்திரண்டு பேரையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி களத்தில், மறுபாதி ஆய்வுகூடத்தில் போன வார மாதிரிகளோடு. சேற்றில் நடக்க முடியாத பிள்ளை இருந்தால் அந்த வாரங்களைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவின் பலகைப் பாதைக்கு மாற்றலாம்.

கணினி

இதில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. 2020, 2021 இல் நோய்த்தொற்றாலும் 2022 இல் எரிபொருள் இல்லாமலும் வீட்டிலிருந்தே எல்லாம் செய்தோம். இல்லாததற்கு அது கைகொடுத்தது. பொதுமக்கள் தாம் கண்டதை இணையத்தில் பதியும் தளங்களான ஈபேர்ட்டில் 2002 இலிருந்து சேரும் பறவைப் பதிவுகளும், 2008 இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் படங்களும் தரவு ஆராயப் பழக்குவதற்கு அருமையானவை. ஆனால் அட்டை கடிக்காத பிள்ளைக்கு அட்டைமீது கேள்வியும் வராது. மேலும் இது மலிவு என்பது துறைக்குத்தான். டேட்டா காசு பிள்ளையின் பையிலிருந்து போகிறது.

ஒரு வேலைக்கு மட்டும் இதை விடக்கூடாது, முன்னாயத்தத்துக்கு. இஸ்ரேலிய ஆய்வாளர் நிர் ஓரியன் 1990களில் எழுதியது இன்றைக்கும் பொருந்தும். புது இடம், புதுப் பாடம், புது அனுபவம் மூன்றும் ஒரே நேரத்தில் மோதினால் மாணவர் தலையில் படிப்பு ஏறாது, அந்தப் புதுமையை முன்பே குறைத்துவிட்டுக் கூட்டிப்போக வேண்டும் என்றார். எனவே போவதற்கு முதல் வாரம் இடத்தின் படங்களைக் காட்டுங்கள். வரப்போகும் பதினைந்து பறவைகளின் குரலைக் கேட்க வையுங்கள். கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பாடு, நனைந்தால் எங்கே உடை மாற்றுவது என்பதையும் அதே வகுப்பில், எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே தெரிந்துகொள்வார். பெயர்ப்பட்டியலை மூன்று மொழியிலும் அச்சடியுங்கள். நீலத் தாழைக்கோழியைச் சிங்களத்தில் என்னவென்று சொல்வார்கள் என்று தமிழ்ப் பிள்ளையும், தமிழில் என்னவென்று சிங்களப் பிள்ளையும் கேட்கத் தொடங்கினால் வானுக்குள்ளேயே பாதி வகுப்பு நடந்துவிடும்.

என் தெரிவு

தங்கச்சிக்கு நான் சொல்வது இதுதான். இரண்டாம் ஆண்டுக்குச் சதுப்பு, வார நாள் செய்முறை நேரத்தில், எட்டு வாரம், ஒவ்வோர் அணிக்கும் கடைசிவரை ஒரே கரை, ஒரே கேள்வி. ஆறு நாள் தங்கலுக்கும் ஜீப்புக்கும் போகவிருந்த பணத்தில் பைனோகுலரும் பூட்ஸும் கரைந்த ஒட்சிசன் அளக்கும் மானியும் வாங்கு. அவை அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்கும் இருக்கும். அணிகளைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ள விடாதே, ஒரே ஊர், ஒரே மொழி என்று சேர்ந்துகொள்வார்கள். எட்டு வாரத்தில் ஒன்றை விடியற்காலைப் பயணமாக வை. ஐந்தரைக்குச் சந்தித்து, பறவைகள் எழும்புவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே பாணும் பருப்பும் சம்பலும் எல்லோருமாகச் சேர்ந்து சாப்பிடுங்கள். சிங்கராஜாவின் இரவுக்கு அது ஈடாகாது, ஆனால் எல்லோரும் வரக்கூடிய காலை அது.

துறையில் மூத்தவர்கள் சிங்கராஜாவில்தான் உறுதியாக நின்றால் சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டு விஷயத்தை மட்டும் கேள். தங்கலை மூன்று இரவாகக் குறைக்க வேண்டும். வர முடியாதவர்களுக்கு நூலக ஒப்படை வேண்டாம், கொழும்பிலேயே சம பெறுமதியான களவேலை வேண்டும்.

எதையும் முடிவெடுக்கமுன், நாற்பத்திரண்டு பேருக்கும் பெயர் எழுதாத ஒரு தாளைக் கொடு, மூன்று மொழியிலும். இரவு தங்க முடியுமா, வார இறுதியில் உழைக்கிறீர்களா, உடல்நலம் பற்றி நாங்கள் அறிய வேண்டியது உண்டா என்று மூன்றே கேள்வி. கைதூக்கச் சொல்லிக் கேட்காதே. வலசைப் பறவைகள் ஏப்ரலோடு கிளம்பிவிடும், எட்டு வாரத்தைத் தை நடுப்பகுதியில் தொடங்கினால்தான் அவை நிற்கும்போது சில தடவையாவது எண்ண முடியும். வனவிலங்குத் திணைக்களத்துக்கு அனுமதிக் கடிதத்தை ஐப்பசியிலேயே அனுப்பிவிடு.